கடனாளி இளவரசன் விட்டுப்போனது



இன்று நான் சொல்ல வந்தது ஒரு குடும்பத்தின் சொத்துக் கதை. சொத்துக் கதை என்றாலே நாம் காதைத் தீட்டிக்கொள்வோம். பத்திரம், கடன், வழக்கு, கெடு தேதி, கைவிட்டுப் போனது, திரும்பி வந்தது எல்லாம் இதிலும் உண்டு. நடந்த இடம் செக் குடியரசு. அதிலும் பொஹீமியா என்ற பகுதி. குடும்பத்தின் பெயர் லோப்கோவிட்ஸ். பத்தே ஆண்டுகளுக்குள் இரண்டு முறை எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பேரன் ஒருவர் திரும்பிப் போய், விட்டதைத் தேடத் தொடங்கினார். அவர் எதைப் பிடித்து வைத்துக்கொண்டார், எதைக் கைகழுவினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிராக் நகரில் வுல்தாவா ஆற்றுக்கு மேலே மலையில் கோட்டை வளாகம் இருக்கிறது. மன்னர்கள் இருந்த இடம். இப்போது குடியரசுத் தலைவரின் அலுவலகம். தேவாலயம், அரண்மனை, தோட்டம், சந்து என்று அங்கே ஒரு சிற்றூரே அடங்கியிருக்கிறது. அத்தனையிலும் தனியாருக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றே ஒன்றுதான். கிழக்குக் கோடியில் இருக்கும் லோப்கோவிட்ஸ் மாளிகை. பெரிய தேவாலயத்தைப் பார்த்த களைப்பில் சுற்றுலாக்காரர்களில் பலர் இதைக் கடந்து இறங்கிப் போய்விடுவார்கள்.

இந்த மாளிகை குடும்பத்துக்கு வந்தது ஒரு பெண் வழியாக. பெர்ன்ஷ்டைன் குடும்பத்தைச் சேர்ந்த பொலிக்ஸேனா, 1603இல் ஸ்டெனெக் வோய்டெக் லோப்கோவிட்ஸை மணந்தார். கணவர் பொஹீமியாவின் தலைமை அமைச்சர் போன்ற பதவியில் இருந்தவர், உறுதியான கத்தோலிக்கர். நாட்டிலோ புரோட்டஸ்டன்ட் பிரபுக்களின் கோபம் கனன்றுகொண்டிருந்தது. 1618 மே 23 அன்று அது வெடித்தது. கோட்டைக்குள் புகுந்த பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். கீழே ஆழமான அகழி. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பை மேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. விழுந்த ஆளுநர்கள் தஞ்சம் புகுந்தது பொலிக்ஸேனாவின் வீட்டில். துரத்தி வந்தவர்களை அந்த அம்மாள் வாசலோடு திருப்பி அனுப்பினார். மாளிகையில் இன்றும் அந்தக் காட்சி ஓவியமாக இருக்கிறது. முப்பதாண்டுப் போருக்குப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் தொடக்கம் இதுதான்.

இரண்டு ஆண்டுகளில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிரபுக்களின் நிலங்கள் பறிமுதலாயின. பேரரசர் பக்கம் நின்ற குடும்பங்கள் அந்த நிலங்களைச் சல்லிசாக வாங்கிக் குவித்தன. லோப்கோவிட்ஸ் குடும்பம் நின்றதும் அந்தப் பக்கம்தான். சில ஆண்டுகளிலேயே இளவரசர் பட்டமும் வந்தது. பிராக்குக்கு வடக்கே ஆற்றங்கரையில் இருக்கும் நெலாஹோசெவெஸ் கோட்டையைப் பொலிக்ஸேனா 1623இல் வாங்கினார். மகன் வாட்ஸ்லாவ் யூஸேபியஸ், எல்ப ஆற்றங்கரையில் ரௌட்னிட்சே என்ற ஊரில் இருந்த பழைய கோட்டையை 1652 முதல் இத்தாலியக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பெரிய அரண்மனையாக மாற்றினார். பறிமுதல் என்பது பின்னால் இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தபோது நாம் இரக்கப்படப் போகிறோம். இரக்கப்படலாம். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பறிமுதலால் வளர்ந்த தரப்பில் இவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம்.

இனி என் கதாநாயகனுக்கு வருகிறேன். ஏழாவது இளவரசர், யோசெஃப் ஃபிரான்ஸ் மாக்ஸிமிலியன். 1772இல் பிறந்தவர். இடுப்பில் குறை, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. வயலின், செல்லோ இரண்டும் வாசிப்பார். கீழ்ஸ்தாயியில் நன்றாகப் பாடுவார். இசை என்றால் பித்து. வியன்னாவில் இருந்த தன் மாளிகையில் சொந்தமாக ஓர் இசைக்குழுவைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். கோடைக்குப் பொஹீமியாவில் உள்ள யெஸெரீ மாளிகைக்குப் போனால் அங்கேயும் கச்சேரிதான். ஹைடன் தன் கடைசிக் கால நால்வாத்தியப் படைப்புகளை இவருக்குச் சமர்ப்பித்தார். பீத்தோவனோ கிட்டத்தட்ட இந்த வீட்டுப் பிள்ளை.

1804 கோடையில், பீத்தோவனின் மூன்றாவது சிம்பனியை, ‘எரோய்கா’ என்று உலகம் அறிந்ததை, முதன்முதலில் வாசித்துப் பார்த்தது லோப்கோவிட்ஸின் இசைக்குழுதான். வியன்னா மாளிகையின் கூடத்தில். பொதுமக்கள் அதைக் கேட்டது 1805 ஏப்ரலில். யோசித்துப் பாருங்கள்: வழக்கமான சிம்பனியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், யாரும் கேட்டறியாத ஒலிகள். வாசிப்பவர்களே தடுமாறும் ஒரு படைப்பைத் தன் வீட்டுக் கூடத்தில் மறுபடி மறுபடி வாசிக்கவிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி ஓர் இசையமைப்பாளனுக்கு எங்கே கிடைக்கும்? நெப்போலியன் பெயரைத் தாங்க வேண்டிய அந்த சிம்பனி, அவன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட பின் லோப்கோவிட்ஸ் பெயருக்கு வந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் லோப்கோவிட்ஸுக்கும் ரஷ்யத் தூதர் ரஸுமோவ்ஸ்கிக்கும் சேர்த்துச் சமர்ப்பிக்கப்பட்டன.

1809இல் ஒரு நெருக்கடி. நெப்போலியனின் தம்பி ஜெரோம், காஸல் நகர அரசவைக்கு வரும்படி பீத்தோவனை அழைத்தார், நல்ல சம்பளம். வியன்னாவை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்த மூன்று பேர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். இளவரசர் ருடால்ஃப் ஆண்டுக்கு 1500 ஃப்ளோரின், இளவரசர் கின்ஸ்கி 1800, லோப்கோவிட்ஸ் 700. மொத்தம் 4000. ஒரே நிபந்தனை, ஆஸ்திரியாவில் இருக்க வேண்டும். இன்ன படைப்பு எழுது, இத்தனை மணிக்கு வா என்ற கட்டளை ஏதும் இல்லை. புரவலர்களின் வரலாற்றில் இப்படி ஒரு பத்திரம் அபூர்வம்.

ஆனால் பணம் எங்கே? 1811இல் ஆஸ்திரிய அரசு நாணய மதிப்பை அடியோடு வெட்டியது. வியன்னா அரங்குகளை நடத்தும் பொறுப்பை வேறு தலையில் ஏற்றிக்கொண்டிருந்த லோப்கோவிட்ஸ் அதே ஆண்டில் முறிந்தார். பீத்தோவனுக்குக் கொடுத்துவந்த தொகை நின்றது. எஸ்டேட் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போனது. (கின்ஸ்கி 1812இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார், அந்தப் பங்குக்கும் பீத்தோவன் வழக்காட வேண்டிவந்தது.) கொஞ்ச காலம் பீத்தோவன் இளவரசரைத் திட்டித் தீர்த்தார். 1815இல் சமரசமாகிப் பணம் மீண்டும் வந்தது. 1816இல் வெளிவந்த தன் பாடல் தொகுதி ஒன்றையும் அவருக்கே சமர்ப்பித்தார். அந்த டிசம்பரிலேயே இளவரசர் இறந்தார். வயது நாற்பத்து நான்கு.

கணக்குப்பிள்ளைகள் பார்வையில் இவர் குடும்பத்தைக் கெடுத்தவர். காட்டையும் வயலையும் அடகு வைத்துக் கச்சேரி நடத்தியவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நூறு ஆண்டுகளை விரைவாகத் தாண்டிவிடுகிறேன். கடன் அடைந்தது, நிலம் தேறியது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரே ஒரு செய்தி: 1841இல் நெலாஹோசெவெஸில், கோட்டைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டில், இறைச்சிக் கடையும் விடுதியும் நடத்திய ஒருவருக்கு மகன் பிறந்தான். அந்தோனின் த்வோர்ஷாக். உலகம் கொண்டாடும் செக் இசையமைப்பாளர். இசைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

1918இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு பிறந்தது. டிசம்பரிலேயே பிரபுப் பட்டங்களெல்லாம் ரத்து. பின்னால் நிலச் சீர்திருத்தம். அப்போதைய வாரிசு மாக்ஸ் லோப்கோவிட்ஸ். பட்டத்தைப் பிடுங்கிய குடியரசை அவர் மனமார ஆதரித்தார். அவர் மனைவி ஜில்லியன் சாமர்வில் ஆங்கிலேயப் பெண். 1939இல் ஹிட்லரின் படை பிராக்குக்குள் வந்ததும் நாஜிகள் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். மாக்ஸ் லண்டன் போய், நாடு கடந்து இயங்கிய செக்கோஸ்லோவாக்கிய அரசின் தூதராகப் பணியாற்றினார். 1945இல் திரும்பி வந்து, சொத்தையும் பெறத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகள். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மறுபடி எல்லாம் போயிற்று. மாக்ஸ் வெளியேறினார், அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் குடும்பம் வேரூன்றியது. 1967இல் அவர் இறந்தபோது பொஹீமியாவில் அவர் பெயரில் ஒரு பிடி மண் இல்லை.

எடுத்துக்கொண்டவர்கள் அழித்துவிடவில்லை, பிரித்துப் போட்டார்கள். ஓவியங்கள் தேசியக் காட்சிக்கூடத்துக்கு, இசைக்கருவிகளும் சுவடிகளும் அருங்காட்சியகத்துக்கு, புத்தகங்கள் அரசு நூலகத்துக்கு, நாற்காலியும் மேசையும் ஊர் ஊராக அரசின் கைக்கு வந்த கோட்டைகளுக்கு. ரௌட்னிட்சே அரண்மனையில் ராணுவ இசைப் பள்ளி நடந்தது. இசைக்காக முறிந்துபோனவரின் வீட்டில் சிப்பாய்கள் டிரம்பெட் பழகினார்கள். விதி சில சமயம் நன்றாகவே கேலி செய்கிறது.

மாக்ஸின் பேரன் வில்லியம். 1961இல் பிறந்தவர், ஹார்வர்டில் வரலாறு படித்துவிட்டு, பாஸ்டனில் வீடு–மனை விற்பனைத் தொழில் செய்துகொண்டிருந்தார். 1989 நவம்பரில் பிராக்கில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுவிட்டு அங்கே குடியேறினார்.

1991இல் வந்தது சொத்து மீட்புச் சட்டம். கட்டடங்களுக்கு உரிமை கோர ஆறு மாதம்தான் கெடு. அதற்குள் எது உன்னுடையது, எப்போது யார் எடுத்தார்கள் என்று பத்திரத்தோடு காட்ட வேண்டும். குடியுரிமை வேண்டும்; நாட்டிலேயே நிரந்தரமாக வசிக்க வேண்டும் என்றும் முதலில் இருந்தது. வெளிநாட்டுக்கு ஓடியவர்களைத் தவிர்க்கும் உள்நோக்கம் அதில் தெளிவாகவே தெரிகிறது. 1994இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வசிப்பிட நிபந்தனையை நீக்கியது.

இதைவிட முக்கியமானது ஒரு தேதி. 1948 பிப்ரவரி 25க்குப் பிறகு பறிக்கப்பட்டவற்றுக்குத்தான் அடிப்படையில் இந்த மீட்பு. அதற்கு முன், 1945இல், ஜெர்மானியர்கள் என்று முத்திரை குத்தி எடுக்கப்பட்டவை திரும்பாது. லீக்டன்ஸ்டைன் குடும்பத்தைப் பாருங்கள். மொராவியாவில் லெட்னிட்சே, வல்டிட்சே என்று பேரரண்மனைகள் வைத்திருந்தவர்கள். 1945இல் போனது போனதுதான், இன்றுவரை ஒரு செங்கல் திரும்பவில்லை. லோப்கோவிட்ஸ் குடும்பத்துக்குக் கதவு திறந்திருந்ததற்கு, மாக்ஸ் நெருக்கடியில் எந்தப் பக்கம் நின்றார் என்பதே பெரிய காரணம். தாத்தா எடுத்த ஒரு முடிவு பேரனுக்குப் பத்திரமாக உதவியது. பொலிக்ஸேனா காலத்திலும் இதே கதைதானே! எந்தப் பக்கம் நின்றாய் என்பதுதான் அந்த நாட்டில் நிலத்தின் முதல் ஆவணம்.

பிறகு நடந்தது நீண்ட நெடிய வேலை. பிராக் மாளிகை கைக்கு வர 2002 வரை இழுத்தது. கலைப்பொருள்களையோ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று தொகுப்பில் சுமார் 1,500 ஓவியங்கள், சுமார் 65,000 புத்தகங்கள், ஆயிரக்கணக்கான இசைச் சுவடிகள். அதில் ஓவியர் புரூகல் 1565இல் வரைந்த ‘வைக்கோல் அறுவடை’ இருக்கிறது. பருவங்களைக் காட்டும் அவருடைய ஆறு படங்களில் எஞ்சியவை ஐந்து. மூன்று வியன்னாவில், ஒன்று நியூயார்க்கில், தனியார் கையில் இருப்பது இது ஒன்றுதான். கனலெத்தோ வரைந்த தேம்ஸ் நதிக் காட்சிகள் இரண்டு. ஹாண்டெலின் ‘மெசையா’வை மொஸார்ட் புது வாத்தியங்களுக்கு மாற்றி எழுதிய சுவடி. பீத்தோவன் கைப்பட்ட திருத்தங்களோடு சிம்பனிப் படிகள்.

திரும்பக் கிடைத்த கோட்டைகளின் நிலைமை என்ன? கூரை ஒழுகும், சுவர் பெயரும், மின்கம்பி பழையது, குளிர்காலத்தில் சூடாக்க வழியில்லை. நாற்பது ஆண்டுகளாக அலுவலகம், பள்ளி, கிடங்கு என்று புழங்கிய இடங்கள். சட்டம் சுவரைத் திருப்பிக் கொடுத்தது. பராமரிக்கப் பணம் கொடுக்கவில்லை. யானையைப் பரிசாகப் பெற்றவன் கவளத்துக்கு அலைகிற கதைதான்.

இங்கேதான் அந்தக் குடும்பம் எடுத்த முடிவு வருகிறது. மீண்டு வந்த கோட்டைகளில் பலவற்றை விட்டுவிட்டார்கள். கையில் வைத்துக்கொண்ட முக்கிய இடங்கள் நான்கு: பிராக் மாளிகை, நெலாஹோசெவெஸ், ரௌட்னிட்சே, எல்ப ஆற்றுக்கு மேலே பாறை உச்சியில் நிற்கும் ஸ்த்ரெகோவ் பாழ்க்கோட்டை. கலைத் தொகுப்பைக் கலைக்காமல் வைத்துக்கொண்டார்கள். நிலத்தைக் கொடுத்துக் காகிதத்தையும் துணியையும் காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம். பொதுவாக நிலக்கிழார் குடும்பங்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: கஷ்டம் வந்தால் முதலில் படத்தை ஏலத்துக்கு அனுப்புவார்கள், நிலத்தைக் கடைசிவரை விடமாட்டார்கள்.

அந்த புரூகல் ஒன்றை விற்றால் எல்லாக் கூரையையும் வேய்ந்துவிடலாமே என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். செக் சட்டப்படி இத்தகைய பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே நியூயார்க், லண்டன் ஏல விலை கனவுதான். ஆனால் சட்டம் மட்டும் காரணமில்லை என்பது என் கணிப்பு. தொகுப்பில் ஒன்றை உருவினால் மற்றவை பொருளிழக்கும். பீத்தோவன் சுவடியும், அதை வாசித்த காலத்து வயலின்களும், பணம் கொடுத்தவரின் உருவப்படமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தான் அங்கே ஒரு கதை இருக்கிறது. தனித்தனியாக அவை உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் இன்னொரு கண்ணாடிப் பேழை.

2007 ஏப்ரலில் பிராக் மாளிகை அருங்காட்சியகமாகத் திறந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியில் வில்லியமும் குடும்பத்தாருமே பேசுகிறார்கள். இது என் பாட்டி, இது என் தாத்தா என்று சுற்றிக் காட்டுகிறார்கள். மதியம் கச்சேரி, உணவகம், கடை, மாலையில் கூடங்களை விருந்துக்கும் திருமணத்துக்கும் வாடகைக்கு விடுவார்கள். நுழைவுச்சீட்டும் கூடங்களின் வாடகையும்தான் முக்கிய வருமானம். கொரோனா வந்து பிராக் வெறிச்சோடியபோது அதுவும் நின்றது. 2021 அக்டோபரில் அடுத்த தலைமுறை, வில்லியமின் மகன், மாளிகையிலேயே டிஜிட்டல் கலைக் கண்காட்சி ஒன்றை நடத்தி, என்எஃப்டி என்ற டிஜிட்டல் உரிமைச் சீட்டுகளை விற்றுப் பழுதுபார்ப்புக்குப் பணம் திரட்டினார். எனக்கு அந்த என்எஃப்டி சமாசாரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்தச் சந்தை பிறகு எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் புது இசைக்கு வீட்டைத் திறந்துவிட்டவரின் வம்சத்தில் வந்த பையன் அது என்பதை மறுக்க முடியவில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. இளவரசர் வீட்டுக்குக் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தது சரியா? செக் மக்களிடையே அதைப் பற்றிக் கசப்பு இல்லாமலில்லை. நாஜிகளை எதிர்த்து நாட்டுக்காக உழைத்த ஒருவரிடமிருந்து ஈடும் கொடுக்காமல் பறித்தது அநியாயம். அதைத் திருத்தியது சரி என்றே நினைக்கிறேன். அந்தச் செல்வத்தை உழைத்துக் கொடுத்த குடியானவனின் பேரனுக்கு எந்தச் சட்டமும் எதையும் திருப்பித் தரவில்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒரு தராசில் போட்டு முள்ளை நேராக்க என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். நிலமாகவே வைத்திருந்தால் இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே பயன். இன்று யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு போய் அந்தச் சுவடிக்கு முன்னால் நிற்கலாம். அந்தக் கடனாளி இளவரசன் வீணடித்தான் என்று கணக்குப்பிள்ளைகள் எழுதிய பணம்தான், இருநூறு ஆண்டு கழித்துக் கூரைக்கு ஓடு வாங்குகிறது.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடனாளி இளவரசரின் கோடை மாளிகை யெஸெரீ இப்போது அரசின் கையில். பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய மாபெரும் குழியின் விளிம்பில் நிற்கிறது. ஒருகாலத்தில் அதையும் குழி விழுங்கிவிடும் நிலை இருந்தது. ரௌட்னிட்சேவில் இசைப் பள்ளி 2008இல் மூடப்பட்டது. அந்த அரண்மனை பிராக் மாளிகையைவிடப் பல மடங்கு பெரியது; சுற்றுலாப் பேருந்துகள் வழக்கமாக நிற்கும் ஊரும் அல்ல. பிராக்கில் விற்கும் சீட்டுக் காசில் அங்கே கூரையும் சுவரும் பகுதி பகுதியாகச் சீராக வேண்டும். அது ஒரு தலைமுறைக்குள் முடிகிற வேலையாகத் தெரியவில்லை. கீழே நிலவறையில் ஒயின் தயாரிக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் வரும்படி உண்டு.